மலையேறப் போகிறீர்களா? இறங்கிய பிறகும் கவனம் தேவை!

வெள்ளியங்கிரி, பர்வதமலை, சதுரகிரி என்று பக்தியோடு மலையேறுபவர்கள் எப்போதும் உண்டு. 2024-ல் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை அறிமுகப்படுத்தியதால், காட்டை ரசிக்க நடப்பவர்களுக்கும் வழி கிடைத்திருக்கிறது. ஆனால், ஊரில் பத்து நிமிடத்தில் கிடைக்கும் சிகிச்சை, மலையில் பல மணி நேரம் தள்ளித்தான் கிடைக்கும். பல இடங்களில் செல்போன் சிக்னலும் இருக்காது. அதுவரை கைகொடுப்பது உங்கள் தோள்பைதான்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

சிறு சோப்பு, சுத்தமான துணி, பேண்டேஜ், கையுறை, முனை கூரான இடுக்கி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், போதுமான குடிநீர். ஓடைத் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் கொதிக்கவைக்காமல் குடிக்க வேண்டாம்.

அடிபட்டால்...

ரத்தம் வழிந்தால் துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் நின்றதும் சுத்தமான தண்ணீரும் சோப்பும் கொண்டு காயத்தைக் கழுவுங்கள். காபித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். அடுத்தவர் காயத்தைத் தொடும் முன் கையுறை அணியுங்கள்.

அட்டை கடித்தால் உப்போ, நெருப்போ வேண்டாம். நகத்தால் மெல்லத் தள்ளிவிட்டு, கடிவாயைக் கழுவினால் போதும். உண்ணி ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். குரங்கு கடித்தால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பாம்புக்கடிக்குக் கீறுவதும், இறுக்கிக் கட்டுவதும் ஆபத்து. மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கை, காலை அசைக்காமல் தூக்கிச் செல்லுங்கள்.

வீடு திரும்பிய பிறகு...

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். புதரில் வாழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒருவகைச் சிற்றுண்ணி கடிப்பதால் 'ஸ்க்ரப் டைஃபஸ்' காய்ச்சல் வரும். கடித்தபோது வலிக்காது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கடும் தலைவலியும் தொடங்கும். அதற்குள் மலைக்குப் போனதே மறந்திருக்கும்.

அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் சிகரெட் சுட்டது போன்ற கறுப்பு வடு இருக்கிறதா என்று பாருங்கள். எல்லோருக்கும் இந்த வடு வருவதில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்டர் தரும் ஆன்டிபயாடிக்கிலேயே குணமாகிவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை பாதிக்கும்.

எனவே திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து, உடைகளைத் துவைத்துவிடுங்கள். காய்ச்சல் வந்தால், கேட்கும்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள்: “சமீபத்தில் காட்டுக்குப் போய்வந்தேன்.”

உயிர் காக்கும் வார்த்தைகள் அவை!