சம்பள வரம்பும் குவார்ட்டர்பேக்கின் விலையும்

பொருள் மிக்கவர் வெல்வதும் குறைந்தவர் தோற்பதும் உலகியற்கை என்பது பலர் கொள்கை. ஆயின், கையிற் பொருளிருந்தும் 'இவ்வளவிற்கு மேற் செலவிடோம்' என்று தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டு, அவ்விதிக்குட்பட்டே போரிடும் கழகங்கள் முப்பத்திரண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்ளன. அவை நேஷனல் புட்பால் லீக் என்னும் அமைப்பைச் சேர்ந்த கால்பந்துக் கழகங்களாம். அவ்விதியின் தன்மையையும், அதனுள் நின்று குவார்ட்டர்பேக் என்னும் ஓர் ஆட்டக்காரருக்கு எவ்வளவு கொடுப்பதென்று தீர்மானிப்பதில் எழும் இடர்ப்பாட்டையும் ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம். விளையாட்டில் விருப்பமில்லாதாரும் இதன்கண் அறியத்தக்கது சிறிது உண்டென்பது நம் எண்ணம்.

ஆட்டத்தின் இயல்பு

ஈண்டுக் கால்பந்து என்றது நம் கல்லூரி மைதானத்தில் மாலைதோறும் உதைத்தாடும் ஆட்டத்தையன்று. அமெரிக்கர் அப்பெயரால் வழங்கும் ஆட்டத்தில் பந்தைக் கையாற் பிடித்தலும், எறிதலும், சுமந்தோடுதலுமே பெரும்பான்மை. கட்சிக்குப் பதினொருவர் நிற்பர். பந்தைக் கைக்கொண்ட கட்சி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜ தூரம் முன்னேறல் வேண்டும். முன்னேறின் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இன்றேல் பந்து எதிர்க்கட்சியின் கையதாகும்.

ஏறக்குறைய ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக்கின் கையிலேயாம். தம்மை வீழ்த்தப் பாய்ந்து வருவாரை ஒரு கண்ணாலும், தம் தோழர் ஓடும் வழியை மற்றொரு கண்ணாலும் நோக்கி, இரண்டு மூன்று விநாடிக்குள் பந்தை யாருக்கு எறிவதென அவர் தெளிதல் வேண்டும். தேருக்குச் சாரதி எத்தகையவனோ அத்தகையவர் அவர். சாரதி திறமையற்றவனாயின் குதிரைகள் நல்லனவாயிருந்தும் பயனில்லை. இத்தொழிலில் முதிர்ந்த திறமையுடையார் எக்காலத்தும் மிகச் சிலரே. வேண்டுவோர் முப்பத்திருவர், வல்லாரோ அத்தொகையினும் குறைவு. ஆதலின் அவர் விலை வானளாவுதல் வியப்பன்று.

வரம்பு தோன்றிய வரலாறு

முற்காலத்தில் ஆட்டக்காரர் தம் ஒப்பந்தம் முடிந்த பின்னும் விரும்பிய கழகத்திற்கு எளிதிற் செல்ல இயலாதிருந்தது. அவர்கள் நீதிமன்றத்தை நாடினர். வழக்குகளின் முடிவில், 1993-ஆம் ஆண்டில் இருதிறத்தாரும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தனர். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் தாம் விரும்பிய கழகத்திற் சேரும் உரிமை பெற்றனர். அதற்கு ஈடாகக் கழகங்கள் பெற்றதே சம்பள வரம்பு. 1994-ல் அது நடைமுறைக்கு வந்தபோது ஒவ்வொரு கழகமும் ஆட்டக்காரர்க்காகக் கணக்கிற் கொள்ளத்தக்க தொகை 3 கோடியே 46 லட்சம் டாலராக இருந்தது. 2025-ல் அது 27 கோடியே 92 லட்சம் டாலராயிற்று.

இத்தொகை மனம்போனவாறு குறிக்கப்படுவதன்று. லீக்கின் வருமானத்தில் ஆட்டக்காரர்க்குரிய பங்கு இத்துணையென உடன்படிக்கை கூறும். அதிலிருந்தே வரம்பு பிறக்கின்றது. வருமானம் பெருகின் வரம்பும் உயரும், குறையின் தாழும். கொள்ளை நோய்க் காலத்தில் ஆட்டம் காண மக்கள் வாராதொழிந்தமையால், 2020-ல் 19 கோடியே 82 லட்சமாக இருந்த வரம்பு 2021-ல் 18 கோடியே 25 லட்சமாகத் தாழ்ந்தது.

இவ்வேற்பாட்டின் நோக்கம் சமன்மை. ஏறக்குறைய ஒரு லட்சம் மக்களே வாழும் கிரீன்பே என்னும் சிறு நகரின் கழகமும், நியூயார்க் மாநகரின் கழகமும் ஒரே அளவினுள் நின்று போட்டியிடுகின்றன. எனவே ஈண்டு வெற்றி தோல்விகளைப் பகுப்பது செல்வமன்று. செல்வத்தைப் பங்கிடும் அறிவேயாம்.

கணக்கின் நுட்பம்

நிற்க. வரம்பைக் கடவாதிருத்தல் என்பது கொடுத்த பணத்தை அவ்வாண்டிலேயே எழுதிவைக்கும் எளிய கணக்கன்று. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஓர் ஆட்டக்காரர் ஐந்தாண்டிற்கு 10 கோடி டாலர் பெற ஒப்பந்தம் செய்கின்றார் என்று கொள்க. அதில் 5 கோடியைக் கையொப்பமிட்ட அன்றே வெகுமதியாகப் பெறுகின்றார். எஞ்சியது ஆண்டிற்கு ஒரு கோடிச் சம்பளமாகும். முதலாண்டில் அவர் கையில் 6 கோடி சேர்ந்துவிடும். ஆயின் வரம்புக் கணக்கிலோ வெகுமதி ஐந்தாண்டிற்கும் சமமாகப் பகுக்கப்பட்டு, ஆண்டுதோறும் 2 கோடியே எழுதப்படும். இங்ஙனம் பகுத்தற்கு ஐந்தாண்டே எல்லை.

இரண்டாண்டு கழிந்தபின் அவரை நீக்கக் கழகம் விரும்பின் யாது நிகழும்? வருங்காலச் சம்பளத்திற்கு உறுதி கூறப்படாதிருப்பின் அது கொடுக்க வேண்டுவதில்லை. வெகுமதியோ முன்னரே கொடுக்கப்பட்டுவிட்டது. கணக்கில் இன்னும் எழுதப்படாத 3 கோடியும் ஒருங்கே அவ்வாண்டின் தலையில் வந்து விழும். அவரை வைத்துக்கொண்டால் 2 கோடி. நீக்கினால் 3 கோடி! ஜூன் மாத முதல் தேதிக்குப் பின் நீக்குவதாகக் குறித்தால் இப்பாரத்தை ஈராண்டிற் பகிர்ந்து கொள்ளலாம். எனினும் பாரம் குறைவதில்லை. மைதானத்தில் இல்லாதவர்க்காகக் கணக்கில் இடங்கொண்டிருக்கும் இத்தொகையை அந்நாட்டார் 'செத்த பணம்' என்பர்.

இடுக்கண் நேர்ந்தபோது ஓராண்டின் சம்பளத்தை வெகுமதியாக மாற்றி, அதனைப் பின்வரும் ஆண்டுகளிற் பகுத்தெழுதும் வழக்கமும் உண்டு. இதனால் இவ்வாண்டு எளிதாகும். வரும் ஆண்டுகள் அரிதாகும். இது நாளைய அறுவடையை அடகுவைத்து இன்றைய சோற்றைப் பெறுதல் போல்வது. அறுவடை நிச்சயமாயின் குற்றமில்லை. மழை பொய்த்தாலோ கடனே மிஞ்சும்.

ஒருவர், பல விலை

இவ்விதிகள் யாவும் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை ரஸ்ஸல் வில்ஸன் என்னும் ஒரே ஆட்டக்காரரின் வரலாற்றிற் காணலாம்.

கல்லூரி ஆட்டத்தை முடித்த இளைஞரைக் கழகங்கள் ஆண்டுதோறும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். முந்திய ஆண்டில் மிகத் தாழ்ந்த கழகத்திற்கே முதலுரிமை. 2012-ல் சியாட்டில் கழகம் வில்ஸனை 75-ஆம் தேர்வாக எடுத்தது. இதற்கு முந்திய ஆண்டில் ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்திருந்தது. 2010-ல் முதல் தேர்வான ஸாம் பிராட்போர்டு ஒரு பந்தயமேனும் ஆடுமுன் 7 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் பெற்றார். அதில் 5 கோடி உறுதி செய்யப்பட்டது. 2011-ன் உடன்படிக்கை புதியவர் ஊதியத்திற்கும் அளவு வகுத்தமையால், அவ்வாண்டின் முதல் தேர்வான கேம் நியூட்டன் நான்காண்டிற்கு ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சமே பெற்றார். அதுமுதல், திறமையுள்ள இளங்குவார்ட்டர்பேக் ஒருவரைப் பெற்ற கழகம் புதையல் கண்டதை ஒக்கும்.

சியாட்டில் கண்ட புதையல் அத்தகையது. 2013-ல் வில்ஸனுக்காகக் கணக்கில் எழுதப்பட்டது பத்து லட்சம் டாலருக்கும் குறைவு. மிஞ்சிய இடத்தைக்கொண்டு கிளிப் அவ்ரில், மைக்கேல் பென்னட் முதலிய தற்காப்பு வீரரைச் சேர்த்தனர். அப்பருவத்தின் இறுதிப் பந்தயத்தில், 2014 பிப்ரவரியில், டென்வர் கழகத்தை 43-க்கு 8 என்னும் கணக்கில் வென்றனர். 2015-ல் வில்ஸன் நான்காண்டிற்கு 8 கோடியே 76 லட்சம் டாலர் ஒப்பந்தம் பெற்றார். அவர் அதற்கு உரியவர் என்பதில் ஐயமில்லை. எனினும் அதன்பின் அவரோடு சியாட்டில் மீண்டும் இறுதிப் பந்தயத்தை எட்டவில்லை. ஒருவர் விலை உயர்ந்தபோது ஏனையோர்க்கு வைத்த பங்கு சுருங்கியதும் அதற்கு ஒரு காரணம் என்பர்.

2022-ல் டென்வர் கழகம் இரண்டு முதற்சுற்றுத் தேர்வுகளையும், இரண்டு இரண்டாஞ்சுற்றுத் தேர்வுகளையும், பிறவற்றோடு மூன்று ஆட்டக்காரரையும் கொடுத்து வில்ஸனைப் பெற்றது. அவர் டென்வருக்காக ஒரு பந்தயமேனும் ஆடுமுன்னரே, ஐந்தாண்டு நீடிப்பாக 24 கோடியே 50 லட்சம் டாலருக்கு மற்றோர் ஒப்பந்தமும் செய்தது. அவ்வாண்டில் டென்வர் வென்றவை 5, தோற்றவை 12. அடுத்த ஆண்டு 8 வெற்றி, 9 தோல்வி.

2024 மார்ச்சில் அக்கழகத்தின் முன் நின்ற வினா இது: இவரை நீக்கினால் செத்த பணம் 8 கோடியே 50 லட்சம் டாலர், அதுவரை அந்த லீக்கில் எவரும் சுமந்திராத பாரம். நீக்காது சில நாள் தாழ்த்தினாலோ, 2025-க்குரிய 3 கோடியே 70 லட்சம் டாலர்ச் சம்பளமும் உறுதியாகிவிடும். 'இத்துணை கொடுத்தபின் விடுவதா?' என்பது மனம் சொல்லும் வார்த்தை. 'இனியும் கொடுக்க வேண்டுமா?' என்பது அறிவு கேட்கும் வினா. டென்வர் அறிவின் வழி நின்றது. வில்ஸனை நீக்கிப் பாரத்தை ஈராண்டிற் பகிர்ந்துகொண்டு, போ நிக்ஸ் என்னும் இளைஞரை 12-ஆம் தேர்வாக எடுத்தது. அவ்வாண்டே 10 பந்தயங்களில் வென்று, 2015-ஆம் பருவத்திற்குப் பின் முதன்முறையாக இறுதிச் சுற்றுக்களுள் நுழைந்தது. பிட்ஸ்பர்க் கழகமோ அதே வில்ஸனை ஏறக்குறைய 12 லட்சம் டாலருக்குப் பெற்றது. எஞ்சிய சம்பளம் டென்வரின் பொறுப்பாயிற்று. ஆள் ஒருவரே, விலையோ இடத்திற்கும் காலத்திற்கும் ஏற்ப வேறுபட்டது.

அவசரமும் தயக்கமும்

அவசரத்திற்கு மட்டுமன்றித் தயக்கத்திற்கும் விலையுண்டு. ஒப்பந்தம் முடியும் ஆட்டக்காரர் ஒருவரை, உயர்ந்த சம்பளம் கொடுத்து ஓராண்டிற்குப் பிணித்துவைக்கும் உரிமை கழகங்களுக்கு உண்டு. வாஷிங்டன் கழகம் கர்க் கஸின்ஸ் என்பவரை 2016-லும் 2017-லும் இவ்வாறு பிணித்தது. முதலாண்டிற்கு ஏறக்குறைய 2 கோடி, அடுத்த ஆண்டிற்கு ஏறக்குறைய 2 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்தது. ஈராண்டும் முடிவு செய்யாதிருந்தமையால் 2018-ல் அவர் மினசோட்டா கழகத்திற்குச் சென்றுவிட்டார்.

ஸான் பிரான்ஸிஸ்கோ கழகத்தின் வரலாறு பிறிதொரு பாடம் புகட்டும். 2021-ல் அது மூன்று முதற்சுற்றுத் தேர்வுகளை உட்படக் கொடுத்து, டிரே லான்ஸ் என்பவரை மூன்றாம் தேர்வாக எடுத்தது. மறு ஆண்டு, தேர்வு அனைத்தின் கடைசியில், 262-ஆவதாக எடுக்கப்பட்டவர் பிராக் பர்டி. கடைசியில் வந்தவரே முதல்வராயினார்! லான்ஸுக்குக் கொடுத்த விலையை நினைந்து அக்கழகம் பர்டியை ஒதுக்கவில்லை. 2023-ல் லான்ஸை ஒரு நான்காஞ்சுற்றுத் தேர்வுக்கு மாற்றிவிட்டது. பர்டியோடு 2024 பிப்ரவரியில் இறுதிப் பந்தயம் வரை சென்றது.

பெருவிலை கொடுத்தும் வெல்லலாம்

அங்ஙனமாயின் பெருஞ்சம்பளம் கொடுத்தல் எப்போதும் தவறோ எனின், அன்று. கான்ஸஸ் ஸிட்டி கழகம் பாட்ரிக் மஹோம்ஸ் என்பவர்க்கு 2020-ல் பத்தாண்டு நீடிப்பாக ஓர் ஒப்பந்தம் கொடுத்தது. ஊக்கத்தொகைகள் சேர்ந்தால் அது 50 கோடி டாலரைக் கடக்கும். 2022-ல் அவர்க்காக எழுதப்பட்டது வரம்பில் நூற்றுக்குப் பதினேழு வீதம் இருந்தது. அதற்குமுன் நூற்றுக்குப் பதின்மூன்றுக்குச் சிறிது மேற்பட்ட பங்கை ஒரு குவார்ட்டர்பேக்குக்குக் கொடுத்து வென்றதே உச்சம். அது 1994-ல் ஸ்டீவ் யங் ஆடிய ஸான் பிரான்ஸிஸ்கோ கழகம்.

கான்ஸஸ் ஸிட்டி இதனை எவ்வாறு சாதித்தது? 2022 மார்ச்சில், ஓட்டத்தில் நிகரற்றவரெனப் புகழ்பெற்ற டைரீக் ஹில் என்பவரை மயாமி கழகத்திற்குக் கொடுத்து ஐந்து தேர்வுகளைப் பெற்றது. இளைஞர் பலரைக்கொண்டு தற்காப்பு வரிசையைப் புதுப்பித்தது. அடுத்த இரு பருவங்களிலும் வாகை சூடியது. ஆதலின், ஒருவர்க்குப் பெருவிலை கொடுப்பது பிழையன்று. அதனால் எதனைத் துறக்க நேரிடும் என்பதை முன்னறிந்து, காலத்தில் துறவாமையே பிழை.

இத்துறவின் சுமை பெரும்பாலும் புகழ்பெறாதவர் மேல் விழுகின்றது என்பதையும் மறத்தலாகாது. கழகத்தில் 53 பேர் உளர். இடம் போதாதபோது முதலில் நீக்கப்படுவார் நடுத்தர ஊதியம் பெறும் முதிர்ந்த ஆட்டக்காரரே. உறுதி செய்யப்படாத சம்பளமுடைய அவர்க்கு ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட பின்னாண்டுகள் வெறும் எழுத்தேயாகும். கணக்கில் ஓர் எண்ணை அழிக்குங்கால் ஒரு குடும்பம் ஊர் மாறுகின்றது. நிர்வாகத் திறமையைப் புகழ்வோர் இதனையும் எண்ணுதல் கடன்.

முடிவுரை

கோபுரம் கட்டக் கருதியவன் முதலிற் செலவைக் கணக்கிட வேண்டும் என்னும் உவமையை நம் ஜெபக்கூடத்தில் நாம் பன்முறை கேட்டிருக்கின்றோம். இக்கழகங்களின் வரலாறு அதனோடு மற்றொன்றையும் சேர்த்துக் கூறுகின்றது: பாதி கட்டிய பின்னும் கணக்கிடலாம், அடித்தளம் பழுதெனக் கண்டால், இட்ட கல்லுக்காக இரங்கி மேலுங் கல் அடுக்க வேண்டுவதில்லை. மாணாக்கராகிய நமக்கும் வரம்புண்டு. ஆண்டிற்கு நாள் 365. அது செல்வர்க்குக் கூடுவதுமில்லை, வறியர்க்குக் குறைவதுமில்லை. சென்ற நாளை எண்ணி வருந்துவதிலும், நின்ற நாளை எதற்கு, எவ்வளவு பங்கிடுவதென்று தெளிவதே நன்று.