பீரங்கித் திடலில் பந்து எறிந்த வாலிபர்!
40 நிமிடம் திணறிய ராணுவக் கருவி

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் அபர்டீன் என்று ஓர் இடம் இருக்கிறது. பீரங்கி, துப்பாக்கி, வெடிகுண்டு எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும் ராணுவத் திடல் அது.

1958-ம் வருடம் அந்தத் திடலுக்கு ஒரு வாலிபரை அழைத்து வந்தார்கள். 20 வயது நிரம்பவில்லை. மூக்கில் கனத்த கண்ணாடி. கையில் துப்பாக்கி இல்லை, ஒரு பேஸ்பால் பந்துதான் இருந்தது!

குண்டு பாயும் வேகத்தை அளக்கிற ராணுவத்தாரிடம், இந்தப் பையன் எறியும் பந்தை அளக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அனுப்பியது பால்டிமோர் ஓரியோல்ஸ் என்ற பெரிய பேஸ்பால் டீம்.

வாலிபரின் பெயர் ஸ்டீவ் டால்கோவ்ஸ்கி. இடது கை ஆட்டக்காரர்.

கருவி தயாராக இருந்தது. ஆனால் பந்து கருவிக்குள் போனால்தானே அளக்க முடியும்! ஒரு பந்து மேலே போனது. ஒன்று பக்கத்தில் போனது. கருவியின் குறுகிய இடைவெளிக்குள் ஒரு பந்து புகுவதற்கு சுமார் 40 நிமிடம் ஆனது.

கிடைத்த கணக்கு: மணிக்கு 93.5 மைல். அதாவது 150 கிலோ மீட்டர்.

"இவ்வளவுதானா?" என்று கேட்கத் தோன்றும். 1946-ல் பாப் பெல்லர் என்ற பிரபல வீரரை இதேபோல ராணுவக் கருவி வைத்து அளந்தபோது 98.6 மைல் வந்தது. ஆனால் ஒரு விஷயம். டால்கோவ்ஸ்கி முதல் நாள்தான் ஓர் ஆட்டத்தில் எறிந்து களைத்திருந்தார். பந்து எறிபவர் நிற்க மைதானத்தில் ஒரு மண்மேடு இருக்கும். திடலில் அந்த மேடும் கிடையாது. களைத்த கையோடு, தட்டைத் தரையில் நின்று, 40 நிமிடம் எறிந்த பிறகு வந்த கணக்கு இது!

எதிரே மட்டை பிடித்து நின்றவர்களைக் கேட்டால் வேறு கதை சொன்னார்கள். 100-க்கு மேல் என்றார்கள் சிலர். 110 என்று சத்தியம் செய்தவர்களும் உண்டு.

யார் இந்தப் பையன்?

கனெக்டிகட் மாநிலத்தில் நியூ பிரிட்டன் அவருடைய சொந்த ஊர். 1939-ல் பிறந்தார். ஹைஸ்கூலில் படிக்கும்போதே ஒரே ஆட்டத்தில் 24 பேரை மட்டையில் படவிடாமல் அவுட்டாக்கினார். அது அந்த மாநிலத்தில் சாதனை.

சேதி பரவியது. பெரிய டீம்களின் ஆட்கள் ஊருக்குப் படையெடுத்தார்கள். ஸ்கவுட் என்று இவர்களுக்குப் பெயர். பெண் பார்க்கப் போவது மாதிரி ஊர் ஊராகப் போய்ப் பையன் பார்ப்பதுதான் இவர்கள் தொழில்.

1957-ல் ஓரியோல்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. முன்பணம் 4 ஆயிரம் டாலர். அப்போது ஒரு சட்டம் இருந்தது. அந்தத் தொகைக்கு மேல் கொடுத்தால் பையனை 2 வருடம் பெரிய டீமிலேயே வைத்திருக்க வேண்டும். 4 ஆயிரத்தோடு நிறுத்தினால் கீழே அனுப்பிப் பழக்கலாம்.

கீழே என்றால் மைனர் லீக். பெரிய டீம் ஒவ்வொன்றுக்கும் சின்ன ஊர்களில் குட்டி டீம்கள் உண்டு. சம்பளம் சொற்பம். பஸ்சில் ஊர் ஊராகப் பயணம். தேறினால் மேலே போகலாம். தேறாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

24 பேர் அவுட், ஆனாலும் தோல்வி!

டென்னசி மாநிலத்தில் கிங்ஸ்போர்ட் டீமுக்கு அவரை அனுப்பினார்கள். வயது 18.

இங்கே ஆட்டத்தின் விதியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மட்டைக்காரர் பக்கத்தில் தரையில் 17 அங்குல அகலத்தில் ஒரு தட்டு பதித்திருப்பார்கள். எறிபவர் நிற்பது 60 அடி 6 அங்குல தூரத்தில். தட்டுக்கு நேர் மேலே, மட்டைக்காரரின் மார்புக்கும் முழங்காலுக்கும் நடுவே பந்து போனால் அது ஸ்டிரைக். 3 ஸ்டிரைக் என்றால் அவுட். அந்த எல்லைக்கு வெளியே 4 பந்து போட்டால் மட்டைக்காரர் கைவீசிக்கொண்டு இலவசமாக முதல் பேஸுக்கு நடக்கலாம்.

1957 ஆகஸ்டு 31-ந்தேதி. எதிரே புளூபீல்டு டீம். டால்கோவ்ஸ்கி 24 பேரை ஸ்டிரைக்கில் அவுட்டாக்கினார். அதே ஆட்டத்தில் 18 பேரை இலவசமாக நடக்க விட்டார். 4 பேரின் உடம்பில் அடித்தார். 6 பந்துகள் கீப்பருக்கும் எட்டாமல் ஓடின. முடிவு? 8-4 என்று தோற்றுப்போனார்!

அந்த சீசன் கணக்கு இன்னும் வேடிக்கை. 62 இன்னிங்சில் 121 பேர் ஸ்டிரைக்கில் அவுட். 129 பேர் இலவச நடை. கீப்பரைத் தாண்டி ஓடியவை 39. ஜெயித்தது 1, தோற்றது 8.

இந்தப் பையனுக்கு என்ன மார்க் போடுவது? ஸ்கவுட்டுகள் இன்று 20-லிருந்து 80 வரை மார்க் போடுகிறார்கள். 50 என்றால் சராசரி. வேகத்துக்கு இவருக்கு 80 போடலாம். 80-க்கு மேல் இருந்தால் அதையும் போடலாம். குறி வைப்பதற்கு 20. அதற்குக் கீழே மார்க் கிடையாது என்பதால்தான் 20!

வேகம் இறைவன் கொடுத்தது, குறியைக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று ஓரியோல்ஸ் நினைத்தது. வருகிற கோச் எல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் செய்தார்கள். மரப்பலகையைக் கிட்டத்தில் வைத்து எறியச் சொன்னார்கள். தட்டுக்கு இரண்டு பக்கமும் ஆட்களை நிறுத்தி, நடுவே எறியச் சொன்னார்கள். (நின்றவர்கள் பாடு என்ன என்று யோசித்துப் பாருங்கள்!) ஆட்டத்துக்கு முன்பே நீண்ட நேரம் எறியவிட்டுக் கையைச் சோர்வாக்கிப் பார்த்தார்கள்.

ஒன்றும் பலிக்கவில்லை. 1960-ல் கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் டீமுக்காக 170 இன்னிங்ஸ் எறிந்தார். அவுட் 262. இலவச நடையும் சரியாக 262! அவர் எறிந்த பந்து ஒரு அம்பயரின் முகக்கவசத்தை உடைத்து அவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது.

இதற்கிடையே குடிப்பழக்கமும் ஒட்டிக்கொண்டது. ராத்திரி வாழ்க்கை வேறு. பந்து போகும் இடத்தைத் திருத்த எத்தனையோ வைத்தியம் நடந்தது. ஆட்டம் முடிந்து பையன் போகும் இடத்தைத் திருத்த அதில் கால்வாசி முயற்சிகூட நடந்ததாகத் தெரியவில்லை.

பேச்சைக் குறைத்தார் வீவர்

1962-ல் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா டீமுக்கு வந்தார். அங்கே மானேஜர் ஏர்ல் வீவர். பிற்காலத்தில் ஓரியோல்ஸ் டீமையே நடத்தி 1970-ல் வேர்ல்டு சீரிசை வென்றாரே, அதே வீவர்தான். முன்கோபி என்று பெயர் எடுத்தவர். ஆனால் இந்தப் பையன் விஷயத்தில் மற்றவர்களுக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது.

மற்றவர்கள் புத்தி சொல்லிச் சொல்லியே பையனின் தலையைக் குழப்பிவிட்டார்கள் என்று கண்டுகொண்டார். ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சொன்னால் இவர் மனதில் நிற்காது. ஆகவே இரண்டே விதப் பந்துதான் எறிய வேண்டும் என்றார். ஒன்று வேகப்பந்து. இன்னொன்று கடைசியில் விலகும் ஸ்லைடர். வேகப்பந்தை மூலைக்குக் குறி வைக்காதே, தட்டுக்கு நட்ட நடுவே போடு என்றார். இந்த வேகத்தில் நடுவே வந்தாலும் எவனும் அடிக்க முடியாது, குறி தப்பினால் தானாக மூலைக்குப் போகும் என்பது வீவரின் கணக்கு.

கணக்கு பலித்தது! 160 இன்னிங்சில் 192 அவுட். இலவச நடை 114-ஆக இறங்கியது. 5 வருடம் யாராலும் முடியாததை ஒரே சீசனில் செய்துவிட்டார் வீவர்.

முழங்கையில் தெறித்தது

1963 மார்ச். பெரிய டீமின் பயிற்சி முகாமில் டால்கோவ்ஸ்கி எறிந்தார். இடம் கிட்டத்தட்ட உறுதி. அவருக்குப் பெரிய டீமின் சட்டைக்கு அளவு எடுத்தார்கள் என்றுகூடச் சொல்வார்கள்.

நியூயார்க் யாங்கீஸ் டீமுடன் பயிற்சி ஆட்டம். இடது முழங்கையில் ஏதோ தெறித்தது. ஸ்லைடர் எறிந்தபோது என்று ஒரு கட்சி. உருண்டு வந்த பந்தை எடுத்து வீசியபோது என்று இன்னொரு கட்சி. எப்படியோ, கை போச்சு! அப்போது அவருக்கு வயது 23.

பிறகும் சில வருடம் சின்ன டீம்களில் எறிந்து பார்த்தார். பழைய வேகம் திரும்பவில்லை. பெரிய லீக்கில் அவர் ஒரு பந்துகூட எறியவில்லை.

கலிபோர்னியா தோட்டங்களில் அறுவடைக் கூலியாகப் பல வருடம் வேலை பார்த்தார். கிடைத்த கூலி குடிக்குப் போனது.

அந்தக் காலத்தில்தான், 1974-ல், மிச்சிகனில் டானி லிட்வைலர் என்ற கல்லூரி கோச் ஒரு காரியம் செய்தார். வேகமாகப் போகும் கார்களைப் பிடிக்கப் போலீசார் வைத்திருந்த ரேடார் கருவியைப் பந்துக்கு நேரே நீட்டிப் பார்த்தார். வேகம் உடனே தெரிந்தது! 40 நிமிடம் காத்திருக்க வேண்டியதில்லை. அதே 1974-ல் டாக்டர் பிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற வீரரின் அறுந்த முழங்கை நாரை மாற்றி ஆபரேஷன் செய்தார். அந்த வீரர் திரும்பி வந்து பல வருடம் எறிந்தார். இன்று டீன் ஏஜ் பையன்களுக்குக்கூட அந்த ஆபரேஷன் நடக்கிறது. மைனர் லீக்கில் ஒரு பையன் எறியும் பந்துகளை எண்ணுகிறார்கள். ஒவ்வொரு பந்தின் வேகமும் சுழற்சியும் எழுதப்படுகிறது.

டால்கோவ்ஸ்கிக்கு இரண்டுமே 10 வருடம் தாமதம்.

1988-ல் வந்த "புல் டர்ஹாம்" சினிமாவில் தறிகெட்டுப் பந்து எறியும் வாலிபர் பாத்திரத்துக்கு இவர்தான் மூலம். படம் எடுத்த ரான் ஷெல்டன் ஓரியோல்சின் குட்டி டீம்களில் ஆடியவர். டால்கோவ்ஸ்கியின் கதைகளை அங்கே கேட்டவர்.

குடியினால் நினைவு மங்கிய நிலையில் 1994-ல் அவருடைய தங்கை அவரை நியூ பிரிட்டனுக்கே அழைத்து வந்து ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார். 2003-ல் ஓரியோல்ஸ் மைதானத்துக்கு அழைத்துப் போய், ஆட்டத்தைத் தொடங்கி வைக்க ஒரு பந்து எறியச் சொன்னார்கள். 40 வருடத்துக்கு முன்பு எறிய வேண்டிய டீமின் மைதானம்!

2020 ஏப்ரல் 19-ந்தேதி கொரோனா அவரைக் கொண்டுபோனது. வயது 80. அவருடைய வேகத்துக்குக் கருவி காட்டிய ஒரே கணக்கு, அந்தப் பீரங்கித் திடலில் வந்த 93.5 மைல்தான்.