பாபநாசம் டு புன்னக்காயல்: தாமிரபரணியோடு மூன்று நாள் சைக்கிள் பயணம்!

"பஸ்ல வந்தா ரெண்டு மணி நேரம். சைக்கிள்ல எதுக்குட்டி வாரே?"

ஏரலில் இருக்கும் ஆச்சி போனில் கேட்ட கேள்விக்கு எங்களிடம் சரியான பதில் இல்லை. எங்களிடம் என்றால் நானும், கல்லூரித் தோழி ஒருத்தியும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடி, தமிழ்நாட்டுக் கடலிலேயே கலக்கும் ஆறு தாமிரபரணி. மொத்த நீளமே சுமார் 128 கி.மீ.தான். ஒரு ஆற்றை முழுசாகப் பார்க்க ஒரு வார விடுமுறை கூட வேண்டாம் என்ற எண்ணம்தான் எங்களைக் கிளப்பியது. இன்னொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நான் ஆச்சி வீட்டுக்குப் போகவே இல்லை.

சாதாரண கியர் சைக்கிள், ஆளுக்கொரு ஹெல்மெட், பஞ்சர் கிட், இரண்டு ஸ்பேர் டியூப். பிப்ரவரி கடைசி வாரத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஆறரைக்கு பாபநாசம் கோயில் படித்துறையிலிருந்து கிளம்பினோம்.

சீசன் முக்கியம் மக்களே! அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழை, அப்போது வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேல்காற்று முதுகில் தள்ளும் என்பதால் கிழக்கே போகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். ஆனால் வயல் பச்சையும், அறுப்பும், ஆற்றில் தண்ணீரும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் பொங்கலுக்குப் பிந்தைய நாட்கள்தான் சரி. பிசான நெல் அறுப்பு நடக்கும் நேரம். கிராமச் சாலைகளில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருப்பார்கள். காருக்குத்தான் அது தொல்லை, சைக்கிளுக்கு ஓரத்தில் ஒரு முழ இடம் போதும்.

பாபநாசத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, படித்துறையைத் தவிர! பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். வேட்டியும் சேலையும் பாறையில் சுற்றிக் கிடக்கின்றன. அவ்வப்போது அள்ளி எடுக்கிறார்கள், மறுபடி சேர்கிறது. பாவத்தை விட வந்த இடத்தில் பழைய துணியையும் ஏன் விட வேண்டும் என்று யாராவது கேட்டால் நன்றாக இருக்கும்.

விக்கிரமசிங்கபுரம் வழியாக அம்பாசமுத்திரம் வரை இறக்கம் லேசாக இருப்பதால் பெடல் தானாகச் சுற்றுகிறது. பாலம் தாண்டினால் கல்லிடைக்குறிச்சி, அப்பளத்துக்குப் பேர் போன ஊர். இந்த ஊர் குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982-ல் களவுபோன நடராஜர், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மியூசியத்தில் கண்டுபிடிக்கப்பட்டு 2019-ல் ஊர் திரும்பினார். அந்தக் கதையை எங்களுக்குச் சொன்னது கோயில் வாசலில் பூக்கட்டிய அக்கா, நேற்று நடந்ததுபோல.

அம்பை - நெல்லை மெயின் ரோட்டில் பஸ்கள் பறக்கின்றன. அதனால் வீரவநல்லூரிலிருந்து உள்ளே ஒதுங்கி திருப்புடைமருதூர் போனோம். இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கடனாநதி வந்து தாமிரபரணியில் சேரும் இடம். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் மரச் சிற்பங்களும் பழைய சுவரோவியங்களும் இருக்கின்றன. வெளியே மருத மரங்களில் நாரையும் கொக்கும். பறவைகளுக்காகவே 2005-ல் இந்த இடம் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. மரத்தடியில் நிறுத்திய என் சைக்கிள் சீட்டின் கதியைச் சொல்லத் தேவையில்லை.

சேரன்மகாதேவி தாண்டி பத்தமடை. ஆற்றங்கரைக் கோரைப்புல்லில் நெய்யும் பாய்க்குப் புகழ்பெற்ற ஊர். ஒரு வீட்டில் பாய் நெய்துகொண்டிருந்த அம்மா, "மெஷின்ல போட்ட பாய் வாங்கிட்டுப் போயி பத்தமடைப் பாய்னு சொல்லுதாவ" என்று வருத்தப்பட்டார். சைக்கிளில் பாய் கட்ட முடியாதே என்று சின்னதாக ஒரு தடுக்கு மட்டும் வாங்கினோம்.

முதல் நாள் ஐம்பது கி.மீ. போல ஓடி நெல்லையில் தங்கல். சாயங்காலம் சுலோசன முதலியார் பாலத்தில் நின்றோம். தன் சொந்தப் பணத்தைப் போட்டு ஒருவர் கட்டிக்கொடுத்து, 1843-ல் திறக்கப்பட்ட பாலம். கீழே ஆறு காலையில் பார்த்த ஆறாக இல்லை. நகரத்தின் சாக்கடை கலக்கிறது, அமலைச்செடி மிதக்கிறது. அல்வா சாப்பிட்டும் அந்த வாசனை மூக்கை விட்டுப் போகவில்லை.

இரண்டாம் நாள் திருச்செந்தூர் ரோடு. இது மட்டும் கவனம் தேவைப்படும் ரோடு. ஏழரைக்கு மேல் வேன்களும் கார்களும் நெருக்குகின்றன. விடியும்போதே கிளம்பிவிடுங்கள். வழி நெடுக பச்சை வேட்டி கட்டி முருகனைப் பார்க்க நடந்துபோகிறவர்கள், "சைக்கிள்லயா? கொடுத்துவச்ச ஆளுங்க" என்று கையசைத்தார்கள்.

ஆதிச்சநல்லூரில் இறங்கி முதுமக்கள் தாழிகளைப் பார்த்தோம். அகழாய்வுக் குழியை அப்படியே விட்டு, மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே தாழி. தோழி கொஞ்ச நேரம் ஓரத்திலேயே நடந்தாள். எதிர்க்கரையில் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் சிவகளையில், தாழிக்குள் கிடைத்த நெல் சுமார் 3,200 வருடத்துக்கு முந்தையது என்று ஆய்வில் தெரியவந்தது. காலையில் ரோட்டில் காய்ந்துகொண்டிருந்த நெல் ஞாபகம் வந்தது.

ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றைத் தாண்டி வடகரைக்குப் போனோம். ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் இது கடைசி. இங்கிருந்து வெள்ளத்தின் கதை ஆரம்பிக்கிறது. 2023 டிசம்பர் 17-ல் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கிக்கொண்டது. தங்கள் வீட்டு அரிசியைப் போட்டு அவர்களுக்குப் பொங்கிக் கொடுத்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்.

நத்தம், பெருங்குளம் என்று நவதிருப்பதி ஊர்கள் வழியாக வாழைத் தோப்புகளுக்கு நடுவே ரோடு. நிழல், வாய்க்கால், ஆள் நடமாட்டம் குறைவு. பெருங்குளம் தாண்டி உடைமுள் குத்தி டயர் இறங்கியது. மாற்று டியூப் போடத் தெரியாமல் இருவரும் அரைமணி நேரம் போராடினோம். யூடியூபில் பார்த்துப் பழகியதெல்லாம் கை கொடுக்கவில்லை. டிராக்டரில் வந்த அண்ணன் ஐந்து நிமிடத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டு, காசு வாங்காமல் போனார். கிளம்பும் முன் வீட்டிலேயே ஒருமுறை டயரைக் கழற்றி மாட்டிப் பழகிவிடுங்கள்.

ஏரலுக்குள் நுழையும்போது மணி நான்கு. ஆச்சி வாசலில் நின்றாள். வீட்டுக்குள் சுவரில், என் தோள் உயரத்துக்கு, மங்கலாக ஒரு கோடு. வெள்ளையடித்தும் மறையவில்லை. அன்று ராத்திரி மாடிவீட்டுக்காரர்கள் ஆச்சியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். தாத்தா போட்டோ, அரிசி மூட்டை, ஆச்சியின் தையல் மிஷின் எல்லாம் போயிற்று. இதையெல்லாம் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

ராத்திரி சொதியும் இஞ்சித் துவையலும். சாப்பிடும்போது ஆச்சி மெதுவாகக் கேட்டாள்: "பாவநாசத்துல தண்ணி நல்லா கெடக்கா?"

"நல்லா கெடக்கு ஆச்சி."

தினமும் ஆற்றில் குளித்தவள். அந்த ராத்திரிக்குப் பிறகு படித்துறைப் பக்கமே போகவில்லையாம். நானும் கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் தூரம் குறைவு, இருபது கி.மீ. சொச்சம். கொற்கையில் நிறுத்தினோம். பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் இருந்த ஊர். இன்று கடல் பல கி.மீ. தள்ளிப் போய்விட்டது. ஆறு கொண்டுவந்த வண்டல் செய்த வேலை! பிறகு தென்கரைக்கு வந்து ஆத்தூர். புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை விளையும் ஊர். ஆச்சிக்காக ஒரு கவுளி வாங்கி, இலை வாடாமல் ஈரத்துணியில் சுற்றினோம்.

ஆத்தூர் தாண்டியதும் கடற்காற்று எதிரே அடிக்க ஆரம்பித்துவிட்டது. மூன்று நாளில் முதல்முறையாக முழங்கால் வலித்தது. சேர்ந்தபூமங்கலம், அப்புறம் புன்னக்காயல். 16-ம் நூற்றாண்டில் தமிழில் அச்சுப் புத்தகம் கொண்டுவந்த அன்றிக் அடிகளார் பணி செய்த கடற்கரை ஊர். மீன் வலை காயும் தெருக்களைத் தாண்டி முகத்துவாரத்துக்குப் போனோம். பழுப்பு நிறத் தண்ணீர் மெல்ல நீலத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், "எங்கேருந்து வாரீங்க?" என்றார்.

"பாபநாசம்."

"அவ்வளவு தூரமா?" என்றவர், சைக்கிளைச் சுற்றி வந்து டயரை அழுத்திப் பார்த்தார். "பின்னால காத்து கம்மியா இருக்கு. தெரு முக்குல பம்பு இருக்கு, அடிச்சிட்டுப் போங்க."

அடித்துக்கொண்டு, வெற்றிலையோடு மறுபடி ஏரலுக்குத் திரும்பினோம்.