தாழ்த்திய கெப்பும் கால் கியூப் மணலும்

2017 மே 12ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் திரண்டிருந்த மக்கள் முன்னிலையில், இலங்கையின் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் கட்டித் தரப்படும் என்று இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். 4,000 வீடுகளுக்கான திட்டம் அதற்கு முன்பே இருந்தது. வீடு என்றால் மணல், சீமெந்து, கல், கம்பி. அத்தனையும் தேயிலை மலைகளுக்குள் வளைந்து வளைந்து ஏறும் தோட்டப் பாதையில்தான் போய்ச் சேர வேண்டும். பெரிய லொறி திரும்ப முடியாத இடங்களில் மிச்சத் தூரத்துக்குச் சுமை தூக்குபவை டிராக்டர்களும் சின்ன லொறிகளும் பழைய கெப் வாகனங்களும்தான்.

2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 வரை திறக்கப்படவில்லை. பழைய ஜப்பானிய கெப்களின் ஆயுளை அதுவும் நீட்டித்தது. அவற்றில் சில, அழகுக்காக உயரம் குறைக்கப்பட்டவை. ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்றிரண்டைக் கழற்றியோ, இரும்புக் கட்டை செருகியோ உடலைத் தரையோடு ஒட்டினாற்போல் இறக்கிவிடுகிறார்கள். வெறும் வண்டியாக ஓடும்வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. பாரம் ஏறியதும் கணக்கு மாறுகிறது.

முதலில் பாரத்தின் கணக்கு. இலங்கையில் மணல் கியூபில் விற்கப்படுகிறது. ஒரு கியூப் என்பது 100 கன அடி. காய்ந்த மணலே ஒரு கியூப் சுமார் நாலரைத் தொன் வரும். மழையில் நனைந்தால் இன்னும் கூடும். கால் கியூப் ஏற்றினாலே 1,100 கிலோவைத் தாண்டிவிடும். ஒரு தொன் சுமக்கத் தயாரிக்கப்பட்ட கெப்புக்கு அதுவே அதிகம். பெட்டியில் பாதி இடம் காலியாகத் தெரிவதை வைத்து “இன்னும் போடலாம்” என்று முடிவு செய்வதில்தான் ஆபத்து தொடங்குகிறது. சீமெந்தில் இந்தக் குழப்பம் இல்லை. மூட்டைக்கு 50 கிலோ. 20 மூட்டை ஒரு தொன்.

அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் ஸ்பிரிங் அமுங்கி எழுகிறது. அதன் எல்லையில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். வண்டியை 2 அங்குலம் தாழ்த்தினால் அந்த 2 அங்குலமும் இந்த இடைவெளியிலிருந்தே கழிகிறது. பாரத்தோடு ஒரு குழியில் இறங்கும்போது அச்சு ரப்பரில் இடிக்கும். அதிர்ச்சி முழுவதும் சேசிஸுக்குப் போகும். துருப்பிடித்த பழைய சேசிஸில் வெடிப்பு விழ இது போதும்.

பல பழைய கெப்களின் பின் அச்சுக்கு மேலே இன்னொரு நுட்பமும் உண்டு. அச்சிலிருந்து ஒரு மெல்லிய கம்பி சேசிஸில் உள்ள வால்வு ஒன்றுக்குப் போகிறது. பாரத்தால் உடல் தாழ்ந்தால் கம்பி அதை வால்வுக்கு உணர்த்தும். வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். தாழ்த்திய வண்டியிலோ வால்வு எப்போதும் பாரம் இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. மணலை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஈரப் பாதையில் திரும்பும்போது, பிரேக்கை மிதித்ததும் பின் சில்லுகள் பூட்டிக்கொண்டு வண்டியின் வால் பக்கவாட்டில் வழுக்குவதற்கு இது ஒரு காரணம்.

சுமையை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். பின் அச்சுக்கு அரை மீற்றர் பின்னால் 500 கிலோவை வைத்தால், சாதாரண நீளமுள்ள கெப் ஒன்றில் முன் சில்லுகளின் பாரம் சுமார் 90 கிலோ குறையும். வண்டியைத் திருப்புவதும் பிரேக்கின் பெரும்பங்கைச் செய்வதும் முன் சில்லுகள்தான். எனவே கனமானவை பெட்டியின் முன்பக்கமாக, கெபினை ஒட்டி, தாழ்வாக இருக்க வேண்டும். வளைவில் நகராதபடி கட்டவும் வேண்டும்.

டயரின் பக்கச் சுவரில் அச்சிடப்பட்ட பாரக் குறியீட்டு எண்ணைப் பார்க்கலாம். 106 என்றால் ஒரு டயர் 950 கிலோ தாங்கும். 88 என்றால் 560 கிலோ மட்டுமே. அழகுக்காகப் போடும் மெல்லிய கார் டயர்கள் பலவும் இந்த இரண்டாம் ரகத்தை ஒத்தவை. பாரம் ஏறிய கெப்பின் பின் அச்சில் ஒன்றரைத் தொன்னுக்கு மேல் இறங்கும். 560 கிலோ டயர்கள் இரண்டு சேர்ந்தாலும் 1,120 கிலோதான்.

மலைநாட்டில் ஏற்றத்தைவிட இறக்கமே அஞ்சத்தக்கது. இரண்டரைத் தொன் எடையுள்ள கெப் 100 மீற்றர் உயரம் இறங்கும்போது விடுபடும் சக்தி, சுமார் 7 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. ஹட்டனிலிருந்து கிதுல்கல வழியாக அவிசாவளைக்குப் போகும் ஏ7 வீதி ஆயிரம் மீற்றருக்கும் மேல் இறங்குகிறது. சாரதி பிரேக்கை மட்டும் நம்பினால், அந்த வெப்பத்தில் பெரும்பகுதி டிரம்முக்கும் டிஸ்கிற்கும் போகும். சூட்டில் டிரம் விரியும்; பெடல் ஆழமாகப் போகும். டொட் 3 பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் திரவம். ஈரம் சேர்ந்தால் கொதிநிலை 140 பாகை அளவுக்கு இறங்கிவிடும். கொதித்து ஆவியான எண்ணெயால் அழுத்தத்தைக் கடத்த முடியாது. மிதித்த கால் வெறுமையில் போகும்.

2023 ஜனவரி 20ஆம் திகதி இரவு, நானுஓயா ரதல்ல இறக்கத்தில் பாடசாலைச் சுற்றுலாப் பேருந்து ஒன்று வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் 7 பேர் உயிரிழந்தனர். இந்த மலைகளின் இறக்கம் எந்த வாகனத்துக்கும் சலுகை காட்டுவதில்லை.

ஒரு மலையை எந்தக் கியரில் ஏற முடியுமோ, அதே கியரில்தான் இறங்க வேண்டும். அப்போது எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் அந்தப் பிடி போய்விடும். எஞ்சினையும் அணைத்துவிட்டால், இரண்டு மூன்று மிதியோடு பிரேக் பூஸ்டரின் உதவியும் தீர்ந்துவிடும்.

தாழ்ந்த வண்டிக்குக் கூடுதல் பட்டை போட்டால் போதும் என்று சிலர் நினைப்பதுண்டு. பட்டை உடலைத் தூக்கும். ஆனால் டயர், அச்சு, பிரேக் ஆகியவற்றின் தாங்கும் அளவு அப்படியே இருக்கும். பாரம் ஏற்றும் கெப்பைப் பழைய உயரத்துக்கே கொண்டுவந்து, வால்வுக் கம்பியைச் சரிசெய்து, எடைக்கேற்ற டயர் போட்டு, பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுவதே சரியான வேலை. அதன் பிறகும் கால் கியூப் மணலை இரண்டு நடையாகக் கொண்டுபோக வேண்டும். கூடுதலாகச் செலவாகும் டீசலை ஆரம்பத்திலேயே வாடகையில் சேர்த்துப் பேசிக்கொள்ளலாம்.