ராஜஸ்தான்: உரிமை வந்தது, கதவு மூடியது
முன்பணம் கேட்டு அவசர நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது ராஜஸ்தானின் சுகாதார உரிமைச் சட்டம். ஆனால் 2023 மார்ச் 21இல் சட்டசபை அதை நிறைவேற்றியபோது நோயாளிகள் கண்டது தனியார் மருத்துவமனைகளின் பூட்டிய கதவுகளை.

எது அவசரம், செலவை யார் தருவது என்பது டாக்டர்களின் கேள்வி. அரசு ஈடுகட்டும் என்ற வாக்குறுதியை அவர்கள் நம்பவில்லை. கூட்டம் அரசு மருத்துவமனைகளுக்குத் திரும்பியது. அங்கும் ரெசிடென்ட் டாக்டர்கள் ஆதரவாக வேலையை நிறுத்த, அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின.

ஏப்ரல் 4இல் சமரசம். அரசு நிலமோ சலுகையோ பெறாதவை, 50 படுக்கைகளுக்குக் குறைந்தவை ஆகியவற்றுக்கு விலக்கு. கதவுகள் திறந்தன. ஆனால் விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்கு, எந்த மருத்துவமனை விலக்குப் பெற்றது என்று எப்படித் தெரியும்?