மேற்கீல் கதவு

மேற்கீல் கதவு என்பது மேல் விளிம்பில் கீல் பொருத்தப்பட்டு, கீழிருந்து மேல்நோக்கித் தூக்கித் திறக்கப்படும் கதவு ஆகும். பக்கவாட்டில் திறக்க இடமில்லாத சமையலறை அலமாரி, பரண், பெட்டிக்கடை, பேருந்தின் சரக்கறை போன்றவற்றில் இது பயன்படுகிறது. பக்கவாட்டுக் கதவு திறந்த நிலையில் தானே நிற்கும். மேற்கீல் கதவோ தன் எடையாலேயே மூடிக்கொள்ள முனையும். ஆகவே திறந்த கதவைத் தாங்கி நிறுத்துவதே இதன் வடிவமைப்பில் முதன்மையான சிக்கலாகும்.

தாங்க வேண்டிய விசை

மூடிய நிலையில் கதவின் எடை முழுவதையும் கீல்களே தாங்குகின்றன. கதவு உயர உயர, அதனை மூட முயலும் திருப்புத்திறன் கூடி, கதவு கிடைமட்டமாக இருக்கும்போது உச்சத்தை அடைகிறது. எடுத்துக்காட்டாக, 4 கிலோகிராம் நிறையும் 40 செ.மீ உயரமும் உடைய கதவின் ஈர்ப்பு மையம் கீலிலிருந்து 20 செ.மீ தொலைவில் அமையும். அப்போது உச்சத் திருப்புத்திறன் 4 × 9.8 × 0.2 = 7.8 நியூட்டன் மீட்டர். தாங்கியின் விசைக்கோடு கீலிலிருந்து 8 செ.மீ செங்குத்துத் தொலைவில் சென்றால் ஏறத்தாழ 98 நியூட்டன் விசை தேவை. எனவே 60 நியூட்டன் தாங்கிகள் இரண்டு போதுமானவை.

முட்டுக்கோல்

கொங்கு நாட்டுப் பெட்டிக்கடைகளில் முன்பலகையை உயர்த்தி, கோலால் முட்டுக் கொடுப்பது பழைய முறையாகும். உயர்த்திய பலகை நிழலும் தருகிறது. ஆனால் கோல் அழுத்தத்தை மட்டுமே தாங்கும். கோயம்புத்தூர், பொள்ளாச்சி பகுதிகள் பாலக்காட்டுக் கணவாயை ஒட்டியிருப்பதால், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அங்கு பலத்த காற்று வீசும். காற்று பலகையை ஒரு கணம் மேலே தூக்கினாலும் கோல் நழுவி, பலகை கீழே நிற்பவர் தலைமீது விழக்கூடும். கோலின் இரு முனைகளையும் கொக்கியால் பிணைப்பது இதனைத் தடுக்கும்.

வாயுத் தாங்கி

இன்றைய அலமாரிகளில் கேஸ் ஸ்பிரிங் எனப்படும் வாயுத் தாங்கி பரவலாக உள்ளது. பேச்சு வழக்கில் இதனை 'ஹைட்ராலிக்' என்று கூறுவதுண்டு. எனினும் கதவைத் தூக்கும் விசையைத் தருவது உருளையினுள் அடைக்கப்பட்ட நைட்ரஜன் வாயுவே. சிறிதளவு எண்ணெய் உயவுக்கும் இயக்கத்தின் முடிவில் வேகத்தைத் தணிக்கவும் உதவுகிறது. உந்தின் இருபுறமும் அழுத்தம் சமமாக இருந்தாலும், தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பளவுக்கு ஈடான விசை தண்டை வெளியே தள்ளுகிறது. 6 மி.மீ விட்டமுள்ள தண்டு 100 நியூட்டன் விசை தர, வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 35 மடங்கு அழுத்தம் வேண்டும்.

பஸ் பாடி கட்டும் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் கரூர். தொலைதூரப் பேருந்துகளின் பக்கவாட்டுச் சரக்கறைக் கதவுகளிலும் இத்தகைய தாங்கிகள் பயன்படுகின்றன.

குறுகிய இடங்களில்

கூரைக்கு மிக அருகிலுள்ள பரண் கதவைக் கிடைமட்டத்திற்கு மேல் உயர்த்த இயலாது. அங்கு கூரையில் பதித்த கொக்கியோ சங்கிலியோ எளிய தீர்வாகும். கதவை நடுவில் மடியுமாறு இரண்டாகப் பிரித்தால், முன்னால் தேவைப்படும் இடம் குறையும்.

பாதுகாப்பு

வாயுத் தாங்கி பெரும்பாலும் ஒரே நாளில் பழுதடைவதில்லை. வாயு மெல்லக் கசிந்து விசை குறைகிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியசு குறைந்தால் விசை ஏறத்தாழ 3.5 விழுக்காடு குறையும் என்பதால், தேய்ந்த தாங்கியின் குறை குளிர்ந்த காலையில் முதலில் வெளிப்படலாம். திறந்த கதவு மெல்லத் தாழ்ந்தால் இரு தாங்கிகளையும் ஒருசேர மாற்றுதல் நன்று. அதுவரை கொக்கி போன்ற இரண்டாவது பிடிமானம் தேவை. கழற்றிய தாங்கியினுள் உயர் அழுத்த வாயு எஞ்சியிருக்கும் என்பதால் அதனைத் துளையிடுவதோ, அறுப்பதோ, தீயிலிடுவதோ ஆபத்தானது.