‘ஸ்டாப்’ சொல்லத் தயங்காதீர்!

துப்பாக்கி சுடுதலை இணைப்பாட நடவடிக்கையாகத் தேர்ந்தெடுத்ததும் பலர் கேட்டது, “ஆபத்தில்லையா?” என்பதுதான். துப்பாக்கிச் சட்டம் கடுமையாக உள்ள சிங்கப்பூரில் அக்கேள்வி இயல்பானதே.

நாங்கள் பயன்படுத்துபவை 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைச் செலுத்தும் காற்றழுத்தத் துப்பாக்கிகள். இலக்கு 10 மீட்டர் தொலைவில் இருக்கும். ‘ரைஃபிள்’ பிரிவில் 10 புள்ளிக்கான வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். ‘பிஸ்டல்’ பிரிவில் அது 11.5 மில்லிமீட்டர். ஆனால், பிஸ்டலை ஒரே கையால் பிடித்துச் சுட வேண்டும். அந்தச் சவாலுக்காகவே நான் பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பாதுகாப்பு விதிகள் ஒன்றே. குழல் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். சுடத் தயாராகும்வரை விரல் விசையைத் தொடக்கூடாது. சுடாத நேரத்தில் குழலில் பாதுகாப்புக் கொடியைச் செருகிவைக்க வேண்டும். 2018 காமன்வெல்த் போட்டிகளில் நமக்கு இரு தங்கம் வென்று தந்த மார்ட்டினா வெலோசோ போன்றோருக்கும் இவ்விதிகள்தான்.

அண்மையில் பயிற்சியின்போது, கீழே விழுந்த பொருளை எடுக்க ஒருவர் சுடும் கோட்டைத் தாண்டிக் குனிந்தார். முதலாமாண்டு மாணவி ஒருவர் “ஸ்டாப்!” என்று உரக்கக் கூறினார். அனைவரும் உடனே துப்பாக்கியைக் கீழே வைத்தோம். குனிந்தவர் எங்கள் மூத்த வீரர். அவர் கோபப்படவில்லை, நன்றி கூறினார்.

மூத்தவர்களைத் திருத்த நாம் பெரும்பாலும் தயங்குவோம். சுடுதளத்தில் அந்தத் தயக்கம்தான் உண்மையான ஆபத்து.